ஐந்து கை மாறிய பந்து

திண்டுக்கல்
3-2-1958

தம்பி உடையப்பனுக்கு அக்கா ஒச்சம்மாள் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோருக்கும் வேளைக்குச் சோறு இறங்குகிறது. உன் முட்டிவலியும் உன் பெண்டாட்டியின் இருமலும் எந்த மட்டில் இருக்கின்றன என்று எழுது.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் சிலுவைமுத்து, நாற்காலியில். விசிலோடு நடுவர் பீர் முகமது. கோயமுத்தூர்ப் பக்கத்து மில்லில் வேலைக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து ஆள் எடுக்க வந்த வையாபுரி, மடியில் ஒரு நோட்டு. தோல் பதனிடுகிற ஷாப்பில் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்த ஜெய்தூன் பீவி. என் மருமகள் அய்யம்மாள். நான். கட்டத்துக்குள் நம் பக்கம் ஐந்து பேர்: அய்யம்மாள் மகன் நம் மொக்கைச்சாமி, ஜெய்தூன் பீவி மகன் சனாவுல்லா, ரஹ்மத்துல்லா, பூக்கடைக்காரரின் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர். எதிர்ப்பக்கம் பழனிப் பிள்ளைகள் ஐந்து பேர். கோட்டோரத்தில் டிரில் மாஸ்டர், அதாவது போன ஆனியிலிருந்து என் வீட்டில் தங்கி என் கையால் சாப்பிடுகிற உன் மகன் பொன்னுத்துரை. கையில் அந்தக் கூடைப்பந்துப் புத்தகம்.

புத்தகத்தில் உள்ள சட்டம் உனக்குத் தெரிந்திருக்கும். மெட்ராஸில் படிக்க வைத்தவன் நீதானே. பந்து ஐந்து கை மாறின பிறகுதான் கூடையைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது கை கூடைக்கு அடியில் நிற்கிற உயரமான ஆளுடைய கையாக இருக்க வேண்டும். உயரமான ஆள் நம் மொக்கைச்சாமி.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சனாவுல்லா இரண்டாவது கையிலேயே பந்தை வாங்கி, பாதி மைதானத்திலிருந்து போட்டான். விழுந்தது. மறுபடியும் அப்படியே போட்டான். அதுவும் விழுந்தது. உன் மகன் அவனை வெளியே கூப்பிட்டான். நான் நாலு முழ தூரத்தில் இருந்தேன்.

"ஏலே, எத்தனை கை மாறுச்சு?"

"ரெண்டு சார்."

"எத்தனை மாறணும்?"

"அஞ்சு சார். ஆனா விழுந்துருச்சுல்ல சார்."

"உக்காருடா."

விழுந்ததுதான் அவன் செய்த குற்றம். மிச்ச ஆட்டம் முழுக்க அந்தப் பிள்ளை மண்ணில் குந்தியிருந்தான். பதிலுக்கு இறங்கினவன் ஐந்து கையும் மாற்றினான், பழனிப் பிள்ளைகள் நாலாவது கையில் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

வையாபுரி மறுநாள் புறப்படும்போது மொக்கைச்சாமியை மில்லுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். சனாவுல்லாவை எடுக்கவில்லை. என் மகன் போன பிறகு இந்த வீட்டில் நடந்த நல்ல காரியம் இதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் உன் மகன் செய்தது ஆட்டம் இல்லை.

கோட்டை மாரி உங்களைக் காக்கட்டும்.

ஒச்சம்மாள்


பெரம்பூர்
14-2-1958

அன்புள்ள அக்காவுக்கு உடையப்பன் எழுதுவது.

முட்டிவலி உட்காரும்போது இல்லை, எழுந்திருக்கும்போது இருக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது. நீ கேட்டதற்கு இது பதில்.

கூடைப்பந்து ஒருவனுடைய ஆட்டம் இல்லை அக்கா. ஐந்து பேருடைய ஆட்டம். அந்தப் பையன் பாதி மைதானத்திலிருந்து எறிந்தது இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை விழாமல் போயிருந்தால் மாஸ்டரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பொன்னுத்துரைக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் நினைத்துக்கொள்.

மொக்கைச்சாமிக்கு வழி பிறந்திருக்கிறது. தகப்பன் இல்லாத பிள்ளை. அதை நாலு வரி சந்தோஷமாக எழுதாமல், அடுத்த வீட்டுப் பையனுக்காகக் கொதிக்கிறாய். நான் பத்து வயதில் உன் சேவலைத் திறந்துவிட்டதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிற ஆள் நீ. என் மகனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதே.

வையாபுரி அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்கு வந்தார் என்று பொன்னுத்துரை எழுதியிருந்தான். கோழிக்குழம்பை வாய்விட்டுப் புகழ்ந்தாராம். நீ அதை எழுதவில்லையே.

மாரியாயி உனக்கும் துணை.

உடையப்பன்


திண்டுக்கல்
20-2-1958

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முட்டிக்கு நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடு. டாக்டர் மாத்திரை வேண்டாம்.

இரண்டு தடவை விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். ஏதோ தப்பித்தவறி விழுந்த மாதிரி. என் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மைதானம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரம்தான் அந்தப் பிள்ளைகள் ஆடுகிற நேரம். ஆவணியில் உன் மகன் புத்தகத்தைத் திறக்கும் முன்னால், சனாவுல்லா நாற்பது எறிந்தால் முப்பத்தொன்று விழும். நான் எண்ணியிருக்கிறேன். ஒரு நாள் இல்லை, பதினோரு நாள்.

அவன் எறிகிற விதம் வேறு. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத்தோலை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, முழங்காலுக்குக் கீழேயிருந்து ஒரே வீச்சாக மேட்டில் போடுவார்கள். அவன் தகப்பன் இருந்தவரைக்கும் லீவு நாளெல்லாம் தகப்பனோடு சேர்ந்து அதைத்தான் செய்தான். பந்தையும் அப்படியே போடுவான். இரண்டு கையாலும், முழங்காலுக்கு நடுவிலிருந்து. பந்து சுற்றாமல் மேலே போய் மேலேயிருந்து இறங்கும்.

உன் மகனுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடா இது, கொல்லையில தண்ணி எறைக்கிற மாதிரி? நெஞ்சுக்கு நேரா புடிச்சு ஒத்தக் கையில போடு."

ஒற்றைக் கையால் நாற்பதுக்கு ஒன்பது. பிறகு எல்லோருக்கும் கித்தான் பூட்ஸ் மாட்டினான். வெறுங்காலில் ஆடு மாதிரி ஓடின இரட்டைப் பிள்ளைகள் பூட்ஸ் மாட்டினதும் தண்ணிக்குடம் தூக்குகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். புத்தகம் எழுதினவன் தன் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து எழுதியிருப்பான். உன் மகன் முன்னால் நின்றவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்.

நேற்று ஜெய்தூன் பீவி வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"எம்புள்ள என்ன தப்புப் பண்ணுனான்மா? மில்லுக்காரரு அவனப் பாத்துக்கிட்டே இருந்தாரு, நான் என் கண்ணால பாத்தேன். பெறகு ஏன் எடுக்கல?"

அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை.

உன் மகனைக் கேட்டு எழுது. அவன் எனக்குப் பதில் சொல்கிறதில்லை.

ஒச்சம்மாள்


பெரம்பூர்
9-4-1958

அக்காவுக்கு.

எழுத நாளாகிவிட்டது. ஒர்க்ஷாப்பில் வேலை அதிகம். நொச்சி ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை.

நீ கேட்டதைப் பொன்னுத்துரைக்கு எழுதினேன். மாஸ்டர் என்றால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், ஆளுக்கொரு சட்டம் முடியாது என்று எழுதினான். சரியாகத்தான் படுகிறது. இதை இத்தோடு விடு.

மொக்கைச்சாமி மில்லில் சேர்ந்துவிட்டானா? அய்யம்மாளுக்கு இனிமேலாவது கஷ்டம் குறையட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உடையப்பன்


திண்டுக்கல்
22-4-1958

தம்பிக்கு.

உடம்பு உழைக்கிற அளவுக்கு இருக்கிறது. வெயில் மலைக்கோட்டைப் பாறையைக் காய்ச்சி ஊருக்குள் அனுப்புகிறது.

மொக்கைச்சாமி பங்குனி கடைசியில் மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். புறப்படும்போது அய்யம்மாள் அழுதாள். அவன் அழவில்லை, ரயிலில் தலை இடிக்குமா என்று கேட்டான்.

சனாவுல்லா பரீட்சை எழுதின மறுநாளே தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கிவிட்டான்.

உன் மகன் இப்போது என் வீட்டில் சாப்பிடுவதில்லை. கிளப்புக்கடையில் சாப்பிடுகிறான். அவன் வேறு விதமாக எழுதுவதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்தான். நான் சோற்றுக் கரண்டியை எடுத்து அய்யம்மாள் கையில் கொடுத்தேன். அவள் விழித்தாள். "பால்காரன் பெஞ்சாதி வாசல்ல நிக்கிறா, அவகிட்டக் குடு" என்றேன். பால்காரன் பெண்டாட்டி கையிலிருந்து வாங்கி, திண்ணையில் இருந்த எதிர்வீட்டுக் கிழவியிடம் கொடுத்தேன்.

"என்ன அத்தை இது?" என்றான்.

"நாலு கைதான் மாறியிருக்கு மாஸ்டர். இன்னும் ஒரு கை மாறட்டும், செத்த பொறுங்க. அப்புறம் சோறு."

எதிர்வீட்டுக் கிழவி சிரித்துவிட்டாள். அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனான். கையைக்கூடக் கழுவவில்லை. கழுவுவதற்கு ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான்.

எனக்கு வருத்தமில்லை. அய்யம்மாளுக்கு வருத்தம்.

ஒச்சம்மாள்


மில் குடியிருப்பு
15-6-1958

அன்புள்ள அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் மொக்கைச்சாமி எழுதுவது.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். இங்கே குழம்பில் தேங்காய் நிறையப் போடுகிறார்கள். அப்பத்தாவின் கண் எப்படி இருக்கிறது?

வேலை பிடித்துவிட்டது. ஆட்டம்தான் பிடிபடவில்லை. இங்கே ஐந்து கை கணக்கு கிடையாது. பந்து கிடைத்ததும் ஓடுகிறார்கள், ஓடிக்கொண்டே போடுகிறார்கள். நான் கூடைக்கு அடியில் போய்ச் சேர்வதற்குள் பந்து திரும்பிவிடுகிறது. "தெரு விளக்குக் கம்பம் நல்லா நிக்குதுங்கோ" என்று ஒருத்தர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது ரிசர்வில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலைக்கு ஆபத்தில்லை, அம்மா பயப்பட வேண்டாம்.

வையாபுரி அண்ணன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "உங்க டீம்ல குட்டையா ஒருத்தன் இருந்தானல்லோ, அவன் இப்போ என்ன பண்றான்?" என்று கேட்டார். தோல் ஷாப்பில் என்றேன். "அவனுக்கு ஒடம்பு நல்லா இருக்குதா?" என்றார். கல்லு மாதிரி இருப்பான் அண்ணே என்றேன். நோட்டைப் புரட்டினார். ஆகஸ்டு மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுக்காட்டச் சொல், இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார்.

மாஸ்டர் மாமாவிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு எழுதப் பயமாக இருக்கிறது. நான் இங்கே வந்ததே அவரால்தான்.

மொக்கைச்சாமி


திண்டுக்கல்
28-6-1958

தம்பிக்கு அக்கா எழுதுவது.

அய்யம்மாளுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இறங்கிவிட்டது. உன் வீட்டுச் சுகத்துக்கு எழுது.

மொக்கைச்சாமியின் கடிதத்தை அய்யம்மாள் கிளப்புக்கடைக்கே கொண்டுபோய் உன் மகன் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். நான் அனுப்பவில்லை. அவளாகவே போனாள்.

சாயங்காலம் உன் மகன் தோல் ஷாப் வாசலில் நின்றான். சனாவுல்லா வெளியே வரும்வரை நின்று, அவனை மைதானத்துக்குக் கூட்டிவந்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பையனுடைய கை முழங்கை வரைக்கும் சுண்ணாம்பில் வெளுத்திருந்தது.

"எப்படிப் போடணும் சார்?"

"நீ எப்படிப் போடுவியோ அப்படி."

"தண்ணி எறைக்கிற மாதிரியா சார்?"

உன் மகன் பந்தை அவன் கையில் கொடுத்தான். பிறகு, "ஆமாடா, எறை" என்றான்.

பையன் பூட்ஸைக் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை. நாலு மாதம் பந்தைத் தொடாத கை. நாற்பதுக்கு இருபத்தேழு. உன் மகன் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினான். முடிந்ததும் பந்தைத் தானே எடுத்துத் துண்டால் துடைத்தான். மறுநாளிலிருந்து தினமும் வந்தான், தினமும் எண்ணினான்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். நான் ஒன்றும் கேட்காமல் இலை போட்டேன். அவனாகச் சொன்னான். மெட்ராஸில் படித்தபோது அவனுடைய டீமில் ஒருத்தன் இருந்தானாம், பந்து அவன் கைக்குப் போனால் திரும்பாதாம். மூன்று வருஷம் ஆடியும் இவன் கூடையைப் பார்த்துப் பந்து போட்டது விரலில் எண்ணுகிற தடவைதானாம். "அஞ்சு பேரும் தொடணும்னுதான் அத்தை நினைச்சேன்" என்றான். அந்த நினைப்பில் நான் குற்றம் சொல்லவில்லை. தன் கையில் பந்து வராததற்கு இன்னொரு பிள்ளையின் கையைக் கட்டினதில்தான் குற்றம்.

பிறகு இன்னொன்றும் சொன்னான். "மொக்கைச்சாமிய கூடைக்கு அடியில நிறுத்துனது புத்தகம் மட்டும் இல்ல அத்தை. அப்பா எழுதினாரு" என்றான். என்ன எழுதினார் என்று கேட்டதற்கு மோரை ஊற்றச் சொன்னான்.

நீ என்ன எழுதினாய், உடையப்பா?

ஒச்சம்மாள்


பெரம்பூர்
19-7-1958

அக்காவுக்கு.

நாங்கள் சுகம். அய்யம்மாளுக்குக் காய்ச்சல் விட்டது பற்றிச் சந்தோஷம்.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. பொன்னுத்துரை உன் வீட்டுக்கு வந்த மாதம் எழுதினேன். "அத்தை வீட்டில் சாப்பிடுகிறாய். அவள் பேரனுக்குத் தகப்பன் இல்லை. உன் ஆட்டத்தில் அவனுக்கு ஒரு நல்ல இடம் கொடு, ஆள் எடுக்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடம்." இதுதான் எழுதினது. நீ அவனிடம் சாப்பாட்டுக்கு ஒன்றும் வாங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வேறு எப்படி நான் கைமாறு செய்வது?

சின்ன வயதில் நீ களையெடுக்கப் போய் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாய். உனக்காகச் செய்தேன். இன்னொரு தடவை வாய்த்தாலும் செய்வேன்.

அந்தப் பையன் கோயமுத்தூரில் தேறட்டும். உண்மையாகவே சொல்கிறேன்.

உடையப்பன்


கோயமுத்தூர்
5-8-1958

அன்புள்ள அத்தைக்குப் பொன்னுத்துரை வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். மொக்கைச்சாமி இன்னும் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறான். நீங்கள் கொடுத்துவிட்ட முறுக்கு ரயிலிலேயே தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சனாவுல்லா போட்டுக்காட்டினான். மில் ஆட்டக்காரர்கள் முதலில் அவன் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்து விழுந்ததும் சிரிப்பு நின்றது. இருபது விழுந்ததும், "தம்பி, இன்னும் ரெண்டடி பின்னால போங்கோ" என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். நாற்பதுக்கு முப்பத்துநாலு. நான் எண்ணினேன், வையாபுரியும் எண்ணினார்.

ஆனால் இடம் இல்லை அத்தை. தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று வாயால் சொன்னார்கள், நம்பிக்கையாகச் சொல்லவில்லை. நான் வையாபுரியிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். இடமில்லாமல் ஏன் வரச்சொன்னீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"ஏனுங்க மாஸ்டர், பிப்ரவரியில எனக்கு ரெண்டு எடம் இருந்துதுங்க. உயரமான பையனுக்கு ஒண்ணு, இவனுக்கு ஒண்ணுன்னு நோட்டுல குறிச்சுங்கூட வெச்சிருந்தனுங்க. நீங்க பாதியில உட்கார வெச்சதுல ஒரு சந்தேகம், ஒடம்புல ஏதோ கோளாறோன்னு. உங்க ஊர்லயே விவரம் தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டனுங்க. நல்லவிதமா ஒரு வார்த்தை வருலீங்க. அதான் ரெண்டாவது எடத்தப் பொள்ளாச்சிப் பையனுக்குக் குடுத்துட்டனுங்க."

யாரைக் கேட்டீர்கள் என்றேன். "விடுங்க, முடிஞ்சு போன கதை" என்று எழுந்துவிட்டார். தலைமையாசிரியரா, நடுவரா என்று தெரியவில்லை. திண்டுக்கல் வந்ததும் இருவரையும் கேட்கப்போகிறேன். முதல் தப்பு நான் உட்கார வைத்ததுதான். அது எனக்குத் தெரியும்.

மில்லிலிருந்து பஸ்ஸில் கோயமுத்தூருக்குத் திரும்பும்போது சனாவுல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். ஒரே ஒரு தடவைதான் பேசினான். "பரவால்ல சார், முப்பத்துநாலு. இதுவரைக்கும் அம்புட்டு விழுந்ததில்ல" என்றான்.

பொன்னுத்துரை


பெரம்பூர்
26-10-1958

அக்காவுக்கு.

உன்னிடமிருந்து நாலு மாதமாக ஒரு கார்டுகூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பொன்னுத்துரையைக் கேட்டால், அத்தை நன்றாகத்தான் இருக்கிறார், சுவர்ப்பக்கம் மட்டும் வருவதில்லை, மாட்டுக்கு அய்யம்மாள்தான் தண்ணீர் காட்டுகிறாள் என்று எழுதுகிறான்.

நான் அந்தக் கடிதம் எழுதினதற்காகக் கோபம் என்றால் என் முகத்துக்கு நேரே திட்டி எழுது. பேசாமல் இருக்காதே. என் மகனை மன்னித்துவிடு. முடிந்தால் என்னையும்.

உடையப்பன்


திண்டுக்கல்
16-11-1958

தம்பி உடையப்பனுக்கு அக்கா எழுதிக்கொண்டது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தீபாவளி வந்தது போனது. மொக்கைச்சாமி வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனான். உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகம் இருக்கட்டும்.

உன் மகன் தலைமையாசிரியரையும் கேட்டான், பீர் முகமதுவையும் கேட்டான். வையாபுரி அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது என்னை.

ஆட்டம் முடிந்த அன்று நம் வீட்டில் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவக் கொல்லைக்கு வந்தார். நான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். பொன்னுத்துரை வாசலில் சிலுவைமுத்துவோடு பேசிக்கொண்டிருந்தான். அய்யம்மாள் அடுப்படியில் இருந்தாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"ஏனுங்க ஆத்தா, அந்தக் குட்டைப் பையன் போட்டதைப் பார்த்தீங்களா?" என்றார்.

"பாத்தேன்."

"நல்லாத்தானுங்க போட்டான். அப்புறம் எதுக்கு உட்கார வெச்சுட்டாங்க? ஒடம்புல ஏதாச்சும் கோளாறுங்களா? மாஸ்டரைக் கேட்டா அவுரு சட்டம் பேசுறாருங்க. நீங்க தெனமும் சுவத்தோரம் நின்னு பாக்கறவங்கன்னு சொன்னாங்க, அதனால கேக்கறனுங்க."

நாற்பதுக்கு முப்பத்தொன்று. பதினோரு நாள். எல்லாம் என் நாக்கில் இருந்தது. அவர் ஒரு ஆளைத்தான் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுப்படியில் அய்யம்மாள் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்குப் போக மிச்சம் என்ன இருக்கிறது என்று அவள் வழிக்கிற சத்தத்திலேயே எனக்குத் தெரியும்.

"எனக்கென்ன தெரியும் அப்பு, நான் படிக்காத பொம்பள. மாஸ்டரு உக்கார வச்சா காரணம் இல்லாமலா இருக்கும்?" என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு இடம் இருந்தது என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் மொக்கைச்சாமிக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இடம் ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் நான் சொன்னது சரியாகிவிடுமா என்று என்னைக் கேட்டுப்பார்த்தேன். ஆகாது.

அதை மறைத்துக்கொண்டுதான் உன் மகனை நாலு மாதம் சொல்லால் அடித்தேன். சோற்றுக் கரண்டியைத் தெருவில் சுற்றவிட்டேன். உன்னிடம் என்ன எழுதினாய் என்று கேட்டேன். கேட்ட வாய் இது.

சனாவுல்லாவின் தாய்மாமன் ஆம்பூரில் இருக்கிறார். அங்கே தோல் ஷாப்பில் மேஸ்திரி. தாயையும் பிள்ளையையும் அங்கே வரச்சொல்லிவிட்டார். போன திங்கட்கிழமை ஜெய்தூன் பீவி சொல்லிக்கொள்ள வந்தாள். "போய்ட்டு வாரேம்மா" என்றாள். நான் அவளை நிறுத்தி உட்கார வைத்தேன். மாசி மாதம் அவள் வாசலில் நின்று கேட்டதற்கு, "உன் பிள்ளைக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அது பொய் என்று சொன்னேன். பிறகு நடந்ததைச் சொன்னேன், செம்பு தண்ணீர் துண்டு எல்லாம் சேர்த்து. அவள் கேட்டு முடிக்கிற வரைக்கும் முக்காட்டைச் சரிசெய்யவில்லை. முடிந்ததும் சரிசெய்துகொண்டாள்.

"உங்க பேரனாச்சும் நல்லாருக்கட்டும்மா" என்றாள். திட்டுவதற்காகச் சொன்னாளா, மனதோடு சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு போனாள். நான் வாசல்வரை போகவில்லை.

பொன்னுத்துரையிடமும் சொல்லிவிட்டேன். அவன் எழுந்து போனான். பிறகு இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். இப்போது புதுப் பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுகிறார்கள். ஒரு பிள்ளை எறிய வந்தால், அவன் எப்படி எறிவான் என்று உன் மகன் முதலில் பார்க்கிறான். புத்தகம் பெட்டிக்குள் போய்விட்டது. அவனை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்கிற அளவுக்கு அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஒரு சட்டத்தை நம்பினான்.

மொக்கைச்சாமி ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். வையாபுரி கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டார். நீ எனக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறாய். என் சோற்றுக்கு உன்னை யார் விலை வைக்கச் சொன்னது என்று சண்டை பிடிக்கத்தான் ஆகஸ்டிலேயே பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. உன்னையும் மன்னித்தாயிற்று. கடிதம் போடு, முட்டியைப் பார்த்துக்கொள்.

என்னிடம் வன்மம் நிறைய இருந்தது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஒருத்தியை மட்டும் விடவில்லை. கண்ணை மூடுகிறவரைக்கும் அவளை மன்னிக்கப் போவதில்லை. அவள் பெயர்

ஒச்சம்மாள்